கடுமை: நடுத்தரம்

வடாலாவில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம்.
இரண்டாம் மாடிக்கு என்னை வரவழைத்தது
பூட்டைத் தட்டிப் பார்க்க.
கூலி நாற்பதாயிரம், ஜிஎஸ்டி தனி, பாதி முன்பணம்.
ரகசிய ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்து.
இனிப்பு தூக்கலாக ஒரு கட்டிங் சாய்.
ஜன்னலோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது,
அதன் முதுகில் குடைகளைக் காயப் போட்டிருந்தார்கள்.

முதல் நாளே தெரிந்துவிட்டது.
கடவுச்சொல் கேட்குமுன் தந்த எண்ணையே
கேட்ட பின்னும் மாற்றாமல் வைத்திருந்தது தளம்.
வெளியேறு என்றால் பக்கம்தான் வெளியேறியது.
உள்ளே எதுவும் எழுந்து போகவில்லை.

சீசன் டிக்கெட் மாதிரிதான் குக்கீ.
ஹார்பர் லைனில் டிசி முகத்தைப் பார்ப்பதில்லை,
அட்டையைப் பார்க்கிறார்.
ஆனால் அட்டையை நாம் எடுத்து நீட்ட வேண்டும்.
இதை உலாவியே நீட்டிவிடும்,
எவன் எழுதிய கடிதத்துக்கும்,
நம்மை ஒரு வார்த்தை கேட்காமல்.
அவ்வளவு விசுவாசம்.

மூன்றாம் நாள்
மேலாளர் தேவ்ருக்கருக்கு ஒரு சுட்டி அனுப்பினேன்:
கணபதி விசர்ஜன நேரங்கள், வார்டு வாரியாக.
திறந்தார். தாதர் கடற்கரைக்கு எத்தனை மணி என்று
எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.
பக்கத்தின் அடியில்
கண்ணில் படாத ஒரு படிவம்
தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது.
பக்கத்துத் தாவலில் அவர் காலையிலிருந்தே உள்ளே இருந்தார்.
அவருடைய கைப்பேசி எண்
என் எண்ணாக மாறியது.

நான் ஒன்றும் செய்யவில்லையே, என்றார்.
பதிவேட்டைத் திறந்து காட்டினேன்.
செய்தவர்: தேவ்ருக்கர். 11:42:07.
சர்வர் யார் என்று கேட்டது.
பதில் சரியாகத்தான் இருந்தது.
விரும்பினாயா என்று கேட்கவில்லை.
அந்தக் கேள்விக்கு
இந்தத் தளத்தில் இடமே விடவில்லை.

மூலையிலிருந்த கணக்கர் இளைஞன்
அப்போ வைஜயந்தி மேடம், என்று தொடங்கி
மேலாளரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.
மீதியைப் படிக்கட்டில் சொன்னான்.
வைஜயந்தி சோனாவ்ணே. பதினொரு வருஷ வேலை.
மார்ச்சில் ஒரு ஓய்வு பெற்ற உறுப்பினரின் வைப்புத்தொகை
முகம் தெரியாத கணக்குக்குப் போயிற்று.
பதிவேடு அவள் பெயரைச் சொன்னது.
நான் இல்லை என்றாள். அதைத் தவிர
சொல்ல அவளிடம் வேறெதுவும் இல்லை.
அவள் அழவில்லை என்பதையும்
விசாரணைக் குழு குறித்து வைத்ததாம்.

அன்றிரவு மார்ச் மாதத்துக்குப் போனேன்.
ஒப்பந்தத்தில் அது இல்லை.
அவள் பெயரிட்ட வரியை வலப்பக்கம் நகர்த்தினேன்.
எட்டாவது பத்தியில்,
கோரிக்கை எங்கிருந்து புறப்பட்டது என்ற இடத்தில்,
சங்கத்தின் முகவரி இல்லை.
பத்தாம் வகுப்பு மாதிரி வினாத்தாள் தரும்
ஏதோ ஒரு தளம்.
அவளுக்குப் பரீட்சை எழுதும் பிள்ளை உண்டா என்று
யாரிடமும் நான் கேட்கவில்லை.
எட்டாவது பத்தி வரை
யாரும் நகர்த்தியிருக்கவும் இல்லை.

அறிக்கையில் கடுமை: மிக அதிகம் என்றுதான் எழுதினேன்.
தேவ்ருக்கர் நல்ல மனிதர்.
தணிக்கைக்குப் போகும் சார், என்றார்,
கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்.
மீதிப் பணம் அவர் மேசை இழுப்பறையில் இருந்தது.
நடுத்தரம் என்று மாற்றினேன்.
எட்டாவது பத்தியை மட்டும் எடுக்கவில்லை.
இணைப்பு ஐந்து, பக்கம் முப்பத்தொன்று,
குறுக்குவாட்டில், சிறிய எழுத்தில்.
தேடுபவர் கண்ணில் படும்.
தேடுபவர் யார் என்பதை
நான் யோசிக்காமலில்லை.

கடைசி நாள்
திறந்திருக்கும் அமர்வுகளை எல்லாம் பட்டியலிட்டேன்.
நாற்பதில் ஒன்று, சோனாவ்ணே. நிலை: உள்ளே.
அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு
காவலாளியிடம் படம் கொடுத்து வைத்த பின்னும்
ஆறு மாதமாக
இந்தக் கட்டிடத்தில் அவளை வெளியே அனுப்பாதது
அந்த இயந்திரம் ஒன்றுதான்.

பழைய அமர்வுகளை முடித்துவிடவும்,
பரிந்துரை பதினான்கு, என்று எழுதினேன்.
மொத்தம் இருபத்திரண்டு எழுதியிருந்தேன்.
நான் செருப்பு மாட்டுவதற்குள்
அந்த ஒன்றை மட்டும் செய்து முடித்தார்கள்.